திராவகத்தில் கழுவிய மணல்

"உங்கள் வேலையில் நீங்கள் செய்த பெரிய தப்பு எது?" என்று போன மாதம் உங்களில் ஒரு பெண் என்னிடம் கேட்டாள். மற்றவர்கள் எல்லோரும் அவளை முறைத்தீர்கள். எதற்காக முறைக்க வேண்டும்? ஓய்வு பெற்ற ஒருவனைக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, சால்வை போர்த்தி, அவன் அளக்கிற பெருமையையே கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்கு என்ன லாபம்? அவள் ஒருத்திதான் கேட்க வேண்டியதைக் கேட்டாள். நேரமாகிவிட்டது என்று சொல்லி நழுவிவிட்டேன். நேரமெல்லாம் இருந்தது. தைரியம்தான் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு வாரமாக மனசு அரித்துக்கொண்டே இருக்கிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். நடுவில் நான் யாரையாவது திட்டினால் பெரும்பாலும் அது என்னைத்தான்.

அறுபதுகளின் தொடக்கம். பம்பாய் அணுசக்தி நிலையத்தில் எங்கள் பிரிவில் கண்ணாடி உருக்குவதும் இடிப்பதும் சலிப்பதும் என் வேலை. நாங்கள் என்ன செய்தோம் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடலுக்கு அடியில் மணல் நகர்ந்துகொண்டே இருக்கும். எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு தூரம் போகிறது என்று மேலே இருந்து பார்த்தால் தெரியாது. அதனால் அடையாளம் வைத்த மணலை நாங்களே செய்தோம். ஸ்காண்டியம் என்ற பொருளைச் சேர்த்துக் கண்ணாடி உருக்கி, பொடித்து, அந்தக் கடலின் மணல் என்ன பருமனோ அதே பருமனுக்குச் சலித்து எடுப்போம். அதை அணு உலைக்குள் சில வாரம் வைத்து எடுத்தால் தூளுக்குக் கதிர்வீச்சு வந்துவிடும். கடலடியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, படகிலிருந்து கருவியை இறக்கித் தேடிக்கொண்டே போக வேண்டியதுதான். நம் தூள் எங்கே கிடக்கிறதோ அங்கே கருவி டக் டக்கென்று அடிக்கும். எண்பத்துச் சொச்சம் நாளில் அதன் வீரியம் பாதியாகிவிடும், அப்புறம் அதுவும் பாதி, இப்படியே ஒடுங்கிப் போகும்.

இதில் உயிர்நாடி ஒன்றே ஒன்றுதான். தூள் அந்த ஊர் மணலைப் போலவே நடந்துகொள்ள வேண்டும். மணல் உருளும் இடத்தில் உருள வேண்டும், படியும் இடத்தில் படிய வேண்டும். அது மட்டும் தவறினால் மற்ற எல்லாம் எவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தாலும் குப்பைதான்.

ராமநாதபுரம் ஜில்லாவில், மாரியூருக்குக் கிழக்கே ஒரு மீன்பிடி ஊர். பெயர் வேண்டாம், அங்கே இன்னமும் அந்தக் குடும்பங்கள் இருக்கின்றன. சரக்குத் தோணிகள் கரைக்கு நெருங்கி வருவதற்காகக் கடலடியில் வாய்க்கால் வெட்டுவதாக ஒரு திட்டம். வெட்டி எடுக்கிற மணலை எங்கே கொட்டுவது? கரையிலிருந்து ஒன்றரை மைல் தள்ளி ஓர் இடத்தைக் குறித்திருந்தார்கள். அங்கே கொட்டினால் மணல் ஆழத்துக்குப் போய்விடும் என்று திட்டத்தின் எஞ்சினியர் சொன்னார். போகாது, சோளகக் காற்று கிளம்பினால் அத்தனையும் திரும்பி வந்து எங்கள் ஓடை வாயை அடைத்துவிடும் என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். சோளகம் என்றால் தெற்கத்திக் காற்று. அந்த ஓடைக்குள்தான் அவர்கள் தங்கள் வத்தைகளை நிறுத்துவார்கள். படகை அந்தப் பக்கம் வத்தை என்பார்கள். ஓடை வாய் அடைந்தால் கடலுக்குப் போகிறவனும் போக முடியாது, போனவனும் திரும்ப முடியாது. ஊரே எழுந்து வேறெங்காவது போக வேண்டியதுதான். இரண்டில் எது உண்மை என்று பார்க்கத்தான் எங்களைக் கேட்டார்கள்.

அங்கிருந்து ஒரு சாக்கு மணல் பம்பாய்க்கு வந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. என் சொந்த ஊர் திருவாடானைப் பக்கம். எங்களுடையது சம்சாரிக் குடும்பம், விவசாயம்தான். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் எங்கள் வீட்டில் யாரும் கடலை ஏறெடுத்துப் பார்த்ததில்லை, ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போய் முழுக்குப் போட்டதைத் தவிர. ஆனாலும் பம்பாயில் உட்கார்ந்துகொண்டு, "இது எங்க ஜில்லா மண்ணுய்யா" என்று பார்க்கிறவனிடமெல்லாம் சாக்கைக் காட்டினேன்.

இப்போது கவனியுங்கள். பம்பாய் வருவதற்கு முன் நான் கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். கண்ணாடி வேலையில் ஊறியவனுக்கு மணல் என்றால் உருக்கப்போகிற சரக்கு, அவ்வளவுதான். இரும்பு இருந்தால் கண்ணாடி பச்சை அடிக்கும், சுண்ணாம்பு ஏறினால் பக்குவம் கெடும். ஆகவே மணல் வந்தால் முதல் காரியம், திராவகத்தில் போட்டுக் கழுவுவது. இந்த மணலை நான் உருக்கப் போவதே இல்லை, இதன் பருமனைத்தான் பார்க்கப் போகிறேன் என்பது என் மூளைக்கு எட்டுவதற்கு முன்னால் கை வேலையை முடித்துவிட்டது. பால் பொங்குகிற மாதிரி நுரை பொங்கியது. "எங்க ஊரு மண்ணுல எம்புட்டு அழுக்கு பாருங்க" என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன். கழுவிக் காயவைத்தபோது போட்டதில் பாதிகூட மிஞ்சவில்லை. கையில் தூக்கும்போதே தெரிந்தது. எடை போட்டுக் குறித்துவைக்கத் தோன்றவில்லை. மிஞ்சியது வெள்ளை வெளேரென்று, நைசாக, பார்க்கவே அழகாக இருந்தது. அதைச் சலித்துப் பருமன் எடுத்தேன். அந்தப் பருமனுக்கே கண்ணாடியை இடித்தேன். பருமன் விவரம் எழுதிய சீட்டில் நான் கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே எங்கள் தலைவரும் போட்டார்.

தலைவர் மதராஸ்காரர். குரலை உயர்த்தியதே கிடையாது. கோபம் வந்தால் பேனாவின் மூடியைக் கழற்றுவார், மாட்டுவார், கழற்றுவார், மாட்டுவார். அந்தச் சத்தத்தைக் கேட்பதைவிட அவர் யாரையாவது திட்டித் தொலைத்தால் தேவலை என்று இருக்கும்.

பங்குனி மாசம், கடல் ஒரு தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி கிடந்தபோது, ஈயப் பெட்டிக்குள் தூளை வைத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். ஊர்க்காரர்கள் எங்களை வரவேற்கவில்லை. விஷத்தைக் கொண்டுவந்து கடலில் கலக்கப் போகிறார்கள் என்று பேச்சு. முனியசாமி என்று ஒருவர், ஐம்பதை ஒட்டிய வயது, கறுத்து ஒடிசலான ஆள், அவர்தான் கூட்டத்தை அடக்கினார்.

"ஏப்பா, சும்மா கத்தாதீக. நம்ம வாயால சொன்னத அவுக நம்பலைல்ல? இப்ப மிசினு வந்திருக்கு. அதுக்கு ஆபீசரும் தெரியாது, வலைகாரனும் தெரியாது. உள்ளத சொல்லும். சொல்லட்டும்."

அவர் தன் வத்தையையே எங்களுக்குத் தந்தார். தூளை நானும் தலைவரும் மட்டும்தான் தொட்டோம், அவரைக் கிட்டே விடவில்லை. அதில் அவருக்கு மனத்தாங்கல். நான் திருவாடானைப் பக்கம் என்று தெரிந்ததும் சாரெல்லாம் போய் தம்பியாகிவிட்டேன். "மேட்டாங்காட்டுக்காரரு கடல்ல வாந்தி எடுக்காம வந்தா சரித்தேன்" என்று கேலி செய்தார். எடுத்தேன். முதல் நாளே எடுத்தேன்.

குறித்த இடத்தில் தூளை அடியில் விட்டோம். பிறகு வாரக்கணக்கில் தேடினோம். கருவியைக் கயிற்றில் கட்டி அடியோடு இழுத்துக்கொண்டு போவோம். காதில் மாட்டும் குழாயில் சத்தம் கேட்கும். ஒவ்வொரு நாளும் முனியசாமி அண்ணன் ஓடை வாய்ப் பக்கம் ஒரு தடவையாவது போகச் சொல்வார். போவோம். ஒன்றும் இராது. தூள் முழுவதும் தென்கிழக்கே, ஆழத்தைப் பார்த்து வால் நீட்டிக்கொண்டு போனது. கரைப் பக்கம் ஒரு பொட்டுக்கூட வரவில்லை.

"பூராம் அங்கிட்டா போகுது?" என்று அவர் கேட்டார்.

"ஆமாண்ணே."

"நல்லாப் பாத்தீகளா?"

"நல்லாத்தேன் பாத்தோம்."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. எஞ்சினியருக்கு வாயெல்லாம் பல். சித்திரைக் கடைசியில் ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டால் மறு வாரமே அந்த இடத்தில் கொட்ட ஆரம்பிப்பதாக ஏற்பாடு. தலைவர் கரையில் போட்டிருந்த எங்கள் கூடாரத்தில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தார். மறுநாள் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

அன்று மத்தியானம் முனியசாமி அண்ணன் வீட்டில் எனக்குச் சாப்பாடு. அவர் வலையைப் பார்க்கப் போயிருந்தார். அவர் மனைவி காளியம்மாள் மதினி பரிமாறினார். மதினி சும்மா இருக்கிற ஆள் இல்லை. கரையில் சிப்பி பொறுக்கிச் சுண்ணாம்புக் காளவாசலுக்குக் கொண்டுபோய்ப் போடுவார். வீட்டு வாசலில் ஆள் உயரத்துக்குச் சிப்பி குவிந்து கிடந்தது. பேச்சுக்கு அஞ்சாதவர்.

"பம்பாயில என்னதேன் வேல பாக்குறீக? எங்க வீட்டுக்காரருக்குக் கேட்டா சொல்லத் தெரியல. மண்ணுல மண்ணு கலக்குறாகங்கிறாரு."

நல்ல பாறை மீன் குழம்பு. வயிறு நிறைந்தால் வாய் சும்மா இருக்குமா? உங்கள் ஊர் மணலைப் பம்பாய்க்கு வரவழைத்தேன், திராவகத்தில் போட்டு அழுக்கெல்லாம் போக்கினேன், அரிசி மாவு மாதிரி ஆக்கினேன் என்று அளந்துகொண்டிருந்தேன்.

மதினி அகப்பையைக் கையில் வைத்தபடியே நின்றுவிட்டார். "திராவகத்துலயா?"

"ஆமா. நொரை அப்பிடிப் பொங்குச்சு. அம்புட்டு அழுக்கு."

"அட கூறுகெட்ட மனுசா!" என்று ஒரு சிரிப்பு. "அழுக்கா அது? எங்க கடல் மண்ணுல முக்காவாசி சிப்பித் தூளுல்ல தம்பி. எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சாலே பொங்குமே. சிப்பிய பூராம் கரைச்சு ஊத்திப்புட்டு, மிச்சம் கெடந்த பொடிய வச்சா எங்க மண்ணுன்னு பாத்தீக?"

வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றது. அவர் விளையாட்டாகத்தான் சொன்னார்.

"எலுமிச்சம்பழம் இருக்கா மதினி?"

"சோத்துக்கா?"

"இல்ல. குடுங்க."

எச்சில் கையோடு எழுந்து கரைக்கு ஓடினேன். தண்ணீர் ஓரத்தில் ஒரு பிடி மணலை அள்ளி, பழத்தைக் கடித்துப் பிழிந்தேன். பொரிந்தது. கையெல்லாம் பொரிந்தது. கூடாரத்துக்குப் போய், முனியசாமி அண்ணன் அன்று காலையில் கடலடியில் இருந்து எடுத்துக் கொடுத்த மணலைச் சட்டியில் வறுத்துக் காயவைத்துச் சலித்தேன். கழுவாமல் சலித்தேன். என் கண்ணாடித் தூள் சரக்கென்று விழுந்துவிடுகிற சல்லடையில் அந்த மணலில் பெரும்பகுதி மேலேயே தங்கிவிட்டது. தட்டித் தட்டிப் பார்த்தேன். விழவில்லை. பெரிய குறுணை அத்தனையும் சிப்பி. அதைத்தான் நான் சிரித்துக்கொண்டே கரைத்துச் சாக்கடையில் ஊற்றியிருந்தேன்.

நாங்கள் கடலில் விட்டது அந்த ஊர் மணல் இல்லை. அதைவிட லேசான, நைசான எதுவோ. அது மிதந்து ஆழத்துக்குப் போனது. அந்த ஊர் மணல் எங்கே போகும் என்று எங்களுக்கு ஒன்றுமே தெரியாது.

மதினி ஒரு வாய்ச் சோற்றில் கண்டுபிடித்ததை அந்த ஜில்லாவிலேயே பிறந்த நான் மூன்று மாசமாகக் கண்டுபிடிக்கவில்லை. ராமேஸ்வரத்தில் முழுக்குப் போட்டபோது காலைக் குத்தியது என்ன என்றுகூட யோசிக்காத ஜென்மம்.

சரி, தப்பு தெரிந்துவிட்டது. உடனே ஓடிப்போய்த் தலைவரிடம் சொன்னேன் என்று எழுதினால் உங்களுக்குப் படிக்க நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. கரையில் கிடந்த ஒரு பழைய வத்தையின் நிழலில் போய் உட்கார்ந்தேன். சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? சாக்கு மணல் தீர்ந்துவிட்டது. சீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது. எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஊரில் கண்மாய் இரண்டு வருசமாக நிறையவில்லை, எங்கள் அய்யா என் சம்பளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தவிர, ஒருவேளை மணலும் ஆழத்துக்கே போகுமோ என்னவோ, எஞ்சினியர் படித்தவர், அவர் சொன்னால் சரியாக இருக்காதா? இப்படியெல்லாம் யோசித்தேன். யோசித்ததை மறைக்க மாட்டேன். உங்களுக்கும் ஒருநாள் இந்த நிழலில் உட்காரும் நேரம் வரும். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைப்பதைவிட அது குளிர்ச்சியான நிழல்.

முனியசாமி அண்ணன் அந்தப் பக்கமாக வந்தார். வந்து பக்கத்தில் குந்தினார்.

"என்ன தம்பி, பாதிச் சோத்துல எந்திரிச்சுட்டீகளாம். அவ ஏதும் ஏடாகூடமாப் பேசிட்டாளா?"

"இல்லண்ணே."

அவர் கடலைப் பார்த்தபடியே பேசினார். "நீங்க ஒண்ணும் சங்கடப்படாதீக. ஊருக்காரன்கிட்ட நா பேசிக்கிறேன். நாப்பது வருசமாப் பாக்குறேன்னு நா சொன்னேன். நாப்பது வருசமாத் தப்பாப் பாத்திருக்கலாம்ல? மிசினுக்கு என்ன வஞ்சகம்? அது சொன்னாச் சரித்தேன்."

சொல்லிவிட்டு வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போனார். அவர் சண்டைக்கு வந்திருந்தால் நானும் சண்டை போட்டுவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். நம்பிவிட்டாரே. அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை.

கூடாரத்தில் தலைவர் எழுதிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பேனாவின் மூடியைத் தொடுவார் என்று பார்த்தேன். தொடவில்லை.

"கழுவினதில் எவ்வளவு எடை குறைந்தது?"

"குறிச்சு வைக்கலை சார். பாதிக்கு மேல போயிருக்கும்."

"பாதிக்கு மேல்" என்று அவர் தனக்குத்தானே ஒருமுறை சொல்லிக்கொண்டார்.

"என் பேரைப் போட்டே எழுதுங்க சார். என் தப்புதான்."

"சீட்டில் இரண்டு கையெழுத்து இருக்கிறது. இரண்டாவது யாருடையது? நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். கேட்காமல் போட்டேன்." எழுதிய தாள்களை அடுக்கி நான்காக மடித்தார். பிறகு நிமிர்ந்து, "உங்களுக்கு இது எப்போது தெரிந்தது?"

"ஒரு மணி நேரம் ஆச்சு சார்."

"ஒரு மணி நேரம் என்ன செய்தீர்கள்?"

"சொல்லாம விட்டுரலாமான்னு யோசிச்சேன் சார்."

அவர் சிரித்தார். சத்தியமாகச் சிரித்தார். "அடுத்த தடவை அரை மணியில் வந்து சொல்லுங்கள்" என்றார். அந்த மனுஷர் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இதை எழுதும்போதுகூட எனக்குக் கண் கலங்குகிறது. அவரைப் போல ஒரு மேலதிகாரியாக நான் ஒருநாளும் இருந்ததில்லை. உங்களில் பலரிடம் நான் கத்தியிருக்கிறேன், அதையும் இங்கேயே ஒத்துக்கொள்கிறேன்.

எஞ்சினியர் குதித்தார். "உங்க ஆள் மணலைக் கழுவினதுக்கு என் மணல் அள்ளுற கப்பல் சும்மா நிற்கணுமா?" என்று மேசையைக் குத்தினார். தலைவர், "நிற்க வேண்டாம், நீங்கள் கொட்டுங்கள். ஆனால் எங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்துக் கொட்டினேன் என்று சொல்ல முடியாது. ரிப்போர்ட் கிடையாது" என்றார். அந்தக் கடைசி வார்த்தைதான் வேலை செய்தது. இன்னொரு தடவை செய்து முடிக்கிறவரை காத்திருப்பதாக எஞ்சினியர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டார். ஊருக்கு, மறுபடியும் ஒருமுறை சோதிக்கப் போகிறோம், அதுவரை கொட்டமாட்டார்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினோம்.

இந்த முறை மணலை நானே சாக்கில் கட்டி ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். கழுவவில்லை. உயரமான கண்ணாடிக் குழாயில் கடல் தண்ணீரை ஊற்றி, மணல் எவ்வளவு நேரத்தில் அடிக்குப் போகிறது என்று பார்த்தேன். சிப்பித் துண்டு தட்டையாக இருப்பதால் ஆடி அசைந்து இறங்கும். அதே நேரத்தில் இறங்குகிற கண்ணாடிக் குறுணை கிடைக்கும்வரை இடித்தேன், சலித்தேன், மறுபடி இடித்தேன். கை காப்புக் காய்த்துவிட்டது. உலையில் வைத்து எடுத்துக்கொண்டு திரும்ப வரும்போது ஆனி முடிந்து ஆடி பிறந்துவிட்டது. சோளகம் பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது.

பழைய தூள் எங்கே மிச்சம் இருக்கிறது என்று முதலில் தேடிக் குறித்துக்கொண்டு, அதே இடத்தில் புதிய தூளை விட்டோம். அந்தக் கடலில் அதைச் செய்த கதை தனிக் கதை. நானும் தலைவரும் ஒரே கயிற்றில் எங்களைக் கட்டிக்கொண்டு வேலை செய்தோம் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. முனியசாமி அண்ணன் வத்தையில் வந்தார், ஆனால் சுக்கானைப் பிடிக்கவில்லை. அவர் மச்சினன் பிடித்தான். அந்த ஓடை வாயில் காற்றுக் காலத்தில் அலை உடையும். நடுவில் ஒரு சந்து மட்டும்தான் ஆழம், அதுவும் நாளுக்கு நாள் இடம் மாறும். தண்ணீரின் நிறத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை, மற்றவர்களின் வத்தையைக்கூட அவர்தான் நீந்திப்போய் ஏறி உள்ளே கொண்டுவருவார் என்று மதினி சொல்லிக் கேட்டிருந்தேன். இப்போது அவர் முன்பக்கம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மச்சினன் இரண்டு தடவை எங்களைத் தரை தட்ட வைத்தான். அண்ணன் வாயே திறக்கவில்லை. வயசாகிவிட்டது, ஓய்வெடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது நாள், ஓடை வாய்க்குக் கொஞ்ச தூரத்தில் கருவியின் முள் எழுந்தது. காதுக் குழாயில் டக் டக்கென்று ஆரம்பித்து, கிட்டே போகப் போகப் பொரிகிற மாதிரி கேட்டது. நான் குழாயைக் கழற்றி முனியசாமி அண்ணன் காதில் மாட்டினேன்.

"என்ன தம்பி, இப்பிடி அடிக்குது?"

"உங்க ஓடைக்குத்தேன் வந்திருக்குண்ணே. நீங்க சொன்னதுதேன் சரி. இனிமே அங்கன கொட்டமாட்டாக."

கொட்டவும் இல்லை. கிழக்கே ஆழமான இடத்துக்கு மாற்றினார்கள், ஓடை பிழைத்தது. அதெல்லாம் ரிப்போர்ட்டில் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துப் படித்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டில் இல்லாததைச் சொல்கிறேன்.

அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குழாயை மெதுவாகக் கழற்றினார்.

"அப்ப போன தடவ ஏன் சும்மா இருந்துச்சு?"

தலைவர் என்னைப் பார்த்தார்.

"மிசினு மேல தப்பு இல்லண்ணே. மண்ணு மாதிரி பண்ணுறதுக்கு நாந்தேன் தப்பாப் பண்ணிட்டேன். உங்க மண்ணுல இருந்த சிப்பியக் கரைச்சுட்டேன். மதினிதேன் கண்டுபிடிச்சாக."

"அது எப்ப தெரியும் உங்களுக்கு?"

"அன்னைக்கே தெரியும்ணே. நீங்க வந்து எம் பக்கத்துல உக்காந்தீகள்ல, அப்பவே தெரியும்."

காற்று இரைந்துகொண்டிருந்தது. அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ரெண்டரை மாசம் தம்பி. ரெண்டரை மாசமா எங் கண்ணு கெட்டுப்போச்சுன்னு நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். நாப்பது வருசமாக் கடலத் தப்பாப் பாத்தவன், இந்த ஓடை வாய மட்டும் சரியாவா பாப்பேன்? பிள்ளகுட்டிக்காரன் பூராம் என்னைய நம்பி உள்ள வாரான். கவுத்துப்புட்டேன்னா? அதேன் சுக்கானத் தொடல. காத்து பெறந்ததுல இருந்து ஒரு வத்தையையும் நா உள்ள கொண்டாரல."

திராவகத்தில் கழுவியது ஒரு தப்பு. அது கைப்பழக்கம், யாருக்கும் வரும். தலைவரிடம் சொன்னேன், எஞ்சினியரிடம் சொன்னேன், பெரிய யோக்கியன் என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டு பம்பாய்க்கு ரயிலேறினேன். அந்த மனிதரிடம் போய், அண்ணே உங்கள் கண் சரிதான், என் தூள்தான் கோளாறு என்று சொல்ல ஐந்து நிமிஷம் ஆகியிருக்குமா? அவர் வீடு கூடாரத்திலிருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரம். ரிப்போர்ட்டில் அவர் பெயர் இல்லை. அதனால் அவருக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் எழுந்து பின்பக்கம் போனார். "ஏலே மாப்ள, தள்ளு" என்றார். மச்சினன் விலகிக்கொண்டான். அண்ணன் சுக்கானைப் பிடித்து, கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் தண்ணீரையே பார்த்தார். அலை இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. மூன்று அலையைப் போகவிட்டார். நான்காவதின் முதுகில் வத்தையை ஏற்றி, தரையில் ஓர் உரசல்கூட இல்லாமல் ஓடைக்குள் கொண்டுவந்து விட்டார்.

கரை வந்ததும் எனக்குக் கை கொடுத்து இறக்கிவிட்டார். நான் அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

"விடுங்க தம்பி" என்றார். "இன்னொரு தடவ உங்க மிசினு தப்பாச் சொன்னா, மொதல்ல எங்கிட்ட வந்து சொல்லிப்புடுங்க. ஆபீசருக மெல்ல நம்பிக்கிருவாக. நா ஒடனே நம்பிப்புட்டேன்ல."